ஊசிக்குப் பிறகு சோறு

மண்டோர் ஐயாவுக்குப் பசி வந்தால் மேட்டு லயத்துக்கும் தெரியும், பள்ளத்து லயத்துக்கும் தெரியும். சிலிம் ரிவரிலிருந்து உள்ளே பிரிகிற செம்மண் பாதையில் ஆறாங்கட்டை ரப்பர் தோட்டம். அங்கே விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடிக்கும். மத்தியானத்தில், ஆள்களை வேலை வாங்குகிற மண்டோர் ஐயாவு தட்டை விட்டெறிவான். இந்த இரண்டு சத்தத்தையும் வைத்துத்தான் ஜனங்கள் பொழுதைக் கண்டுகொண்டார்கள். சோறு குழைந்தால் தட்டு பறக்கும். குழையாவிட்டாலும் பறக்கும். கருவாட்டுத் துண்டு சிறுத்துப்போனால் பெண்டாட்டி நவமணியின் கொண்டை அவன் கைக்குள் இருக்கும்.

ஆம்பிளை தின்ற பிறகு பொம்பிளை தின்பது அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை. அந்தப் பெயரை வாங்க அங்கே இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஐயாவு உழைத்தான். வயிறு நிரம்பியதும், எழுந்து வெளியே போகச் சோம்பல்பட்டு, மீதிச் சோறு கிடக்கிற பானைக்குள்ளேயே கையை விட்டுக் கழுவுவான்.

"தண்ணி ஊத்துன சோறுதானே, தின்னு," என்பான்.

அவள் பிழிந்து தின்பாள். மறுநாள் விடியலில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்ட மரத்துக்குப் போவாள்.

கல்யாணமாகி சில வருஷம் கழித்து அவள் வாயும் வயிறுமாக இருந்தபோது, பால் நிறுத்துக் கொட்டிவிட்டு வந்த மத்தியானத்தில், கண் இருட்டிக்கொண்டு வரவே அவனுக்கு முன்னால் ஒரு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் குற்றம். தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, வாசல் நடையான அஞ்சடியில் உட்கார வைத்தான். சோற்றுத் தட்டை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தான்.

"கேளு. 'பசிக்குது, சோறு போடுங்க'ன்னு கேளு. லயம் பூரா கேக்கணும்."

கேட்டாள். "இன்னும் சத்தமா," என்றான். அதையும் செய்தாள். பக்கத்து வீட்டு வீரம்மா உட்பட லயமே சிரித்தது. மண்டோர் சிரிக்கும்போது சிரிக்காதவர்களுக்கு மறுநாள் வெட்டுவதற்கு, ஏறி இறங்க முடியாத மேட்டுக்காட்டு மர நிரைதான் கிடைக்கும். அந்தப் பிள்ளை தங்கவில்லை. பசியால்தான் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவுமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஐயாவு தின்னத் தின்ன இளைத்தான். இரண்டு ஆள் சோற்றைத் தின்றுவிட்டு மூன்றாவது ஆளின் பங்கைப் பார்ப்பான். ஆனால் தோளெலும்பு சட்டைக்கு மேலே துருத்தும். பின்கட்டுக் கால்வாயில் அவன் ஒண்ணுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அதை முதலில் பார்த்தவள் நவமணி. இனிப்பு நீர் என்று அவளுக்குத் தெரியும். அவள் தகப்பன் அதில்தான் போனான். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றி எறும்பைக் கழுவிவிட்டாள்.

பிறகு கால் பெருவிரலில் வெட்டுக்கத்தி பட்டது. புண் ஆறவில்லை. நாற்றம் பெரட்டு களம்வரைக்கும் வந்த பிறகுதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மண்டோர் வேலையும் விசிலும் சதாசிவத்துக்குப் போயின. நவமணியின் பெயர் வேலைக்காரர் பட்டியலில் இருந்ததால் வீடு தங்கியது. அவள் வெட்டுகிற பாலில் அவன் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று ஆயிற்று.

தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் டொமினிக் அவளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும். மருந்துக் குப்பியை ஈரமணல் போட்ட மண்சட்டியில் வைக்க வேண்டும். தொடையில் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்.

"கேட்டுக்கம்மா. ஊசி போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சோறு உள்ள போயிரணும். ஊசிக்குப் பிறகு சோறு. இத மட்டும் மறந்துறாத."

"சோறுதானே கூடாதுங்கிறாங்க ஐயா?"

"அளவுதான் குறைக்கணும். போடாம இருக்கக்கூடாது. ஊசி உடம்புல உள்ள சீனியத் தேடித் தேடித் தின்னும். சோறு போகலைன்னு வச்சுக்க, ரத்தத்துல இருக்கிறதையே தின்னுரும். அப்ப வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொளறும். அந்த நேரம் யோசிக்காத. சீனித்தண்ணி கலக்கி வாயில ஊத்து. விட்டா மூளை செத்துப்போயிரும்."

"சரிங்கய்யா," என்றாள். ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்தது. பின்னால் யாராவது அவளுக்காக 'பாவம், படிக்காதவ, வெளங்கல' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அரிசி, சீனி, டின் பால் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி தாலிக் கயிற்றில் தொங்கியது. ஐயாவு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னாடி, எனக்கே பூட்டா?"

"டிரசரய்யா சொல்லிட்டாரு."

"அவன் கிடக்கான் போடோ, மடையன். தே தண்ணி போடு. பால் நெறய ஊத்து."

"கூடாதுங்க."

முப்பது வருஷத்தில் அவள் அவனிடம் 'கூடாது' என்று சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு அடுப்படியில் போய் நின்று, கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பயமும் சேர்ந்த சிரிப்பு. ஊன்றி நடக்கிற தொங்காட்டை அவள்மேல் வீசினான். அது சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் தவழ வேண்டியிருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஐயாவு அறிவில்லாதவன் அல்ல. வேர்த்தால், நடுங்கினால் சீனித்தண்ணீர் என்பதை அவனும் கேட்டிருந்தான். ஒரு சாயங்காலம் நவமணி விறகோடு வரும்போது நாற்காலியில் கிடந்து கைகால்களை உதறினான். முகமெல்லாம் நீர்த்துளி.

"சீனி... சீனித்தண்ணி..."

அவள் பதறித்தான் போனாள். கலக்கிக் கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு உதட்டை நக்கினான். மூன்றாவது முறை நடந்தபோது அவள் அவன் கழுத்துக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். எலும்புமாதிரி காய்ந்து கிடந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு மங்குக் கிண்ணம் நிறையத் தண்ணீர். அதில் கையை நனைத்து முகத்தில் தெளித்துக்கொண்டிருக்கிறான்.

வீரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். லயம் சிரித்தது. இந்த முறை மண்டோருக்காகச் சிரிக்கவில்லை.

"அண்ணே, நீங்க சினிமாவுல சேந்திருக்கணும் லா! ஒத்தக் காலோட எம்மாம் நடிப்பு!" என்றாள் வீரம்மா.

"போடி நாயே."

"நாய்க்குக்கூட நாங்க சோறு போடுறோம்ணே. கேட்டா போடுவோம்."

நவமணிக்கு அந்தக் கடைசிச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

செபாஸ்டியன் வந்தது அதற்குப் பிறகுதான். ஈப்போவில் ஏதோ மருந்துக்கடையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவன், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு தாப்பா, பீடோர் என்று தோட்டம் தோட்டமாக இனிப்பு நீருக்குப் பொடி டின் விற்றுக்கொண்டு திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்து ஒரு படத்தை விரித்தான். தோலை உரித்த மனிதன் ஒருவன் அதில் நின்றான்.

"இங்க பாருங்கக்கா. வயித்துக்குப் பின்னால, வாழையிலைத் துண்டு மாதிரி, இதான் கணையம். இது சொரக்கிற ஹார்மோன்தான் சீனிய அடக்குறது. அது மாதிரி பசிக்கு ஒரு ஹார்மோன், போதும்னு சொல்றதுக்கு ஒரு ஹார்மோன். நோயாளிக்கு என்னா ஆச்சு? மூணும் தூங்கிருச்சு. ஊசி என்னா பண்ணுது? வெளியேருந்து கடன் வாங்கி ஊத்துது. நம்ம பொடி உள்ள இருக்கிறத எழுப்புது. எல்லாம் இயற்கை. வெந்தயம், பாவக்கா வெதை, நாவக்கொட்டை, இன்னும் நம்ம கம்பெனி ரகசியம்."

செல்லாயி என்ற கிழவி கேட்டாள்: "தம்பி, ஆர்மோன்னா நம்ம மரத்துக்குப் பூசுறமே, அந்த மருந்தா?"

பெண்கள் சிரித்தார்கள். செபாஸ்டியன் ஒரு கணம் விழித்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். "அதேதான் பாட்டி! பூசுனா பால் எப்புடி ஊத்துது? அதேமாதிரி உங்க உடம்புல ஊத்தும்!"

நவமணி சிரிக்கவில்லை. மரத்துக்குப் பூசுகிற மருந்தைப் பற்றி அவளுக்கு எவனும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டி, குச்சிப் பிரஷால் பூசிவிட்டால் கிழட்டு மரம்கூடக் கன்று போட்ட பசுவாகிவிடும்; மங்கு நிரம்பி வழியும். ஆனால் பூசின மரத்தைத் தினம் தொடக்கூடாது, விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஐயாவு மண்டோராக இருந்தபோது, கணக்குப் பார்க்கிற பெரிய கிராணியிடம் பேர் வாங்க, பூசின மரத்தைத் தினமும் வெட்ட வைத்தான். கொஞ்ச காலம் பால் ஆறாக ஓடியது. பிறகு பட்டைக்குள் பழுப்பேறி மரங்கள் செத்தன. மேட்டுக்காட்டில் அவை இன்னும் நின்றன. இலை இருக்கும், நிழல் இருக்கும், கத்தி போட்டால் ஒரு சொட்டு வராது.

"தம்பி, இத குடிச்சா சோறு?" என்று கேட்டாள்.

"மத்தியானம்வரைக்கும் சோறே வேணாம்கா. காலைல ஒரு கிளாஸ். பசி தானா அடங்கிரும். செனாங், ரொம்ப லேசு."

"ஊசி?"

"அத மெல்ல மெல்ல நிறுத்திரலாம்."

அன்றே ஒரு டின் வாங்கி டொமினிக்கிடம் காட்டினாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மேசைமேல் தட்டினார்.

"குப்பையில போடு. வெந்தயம், பாவக்கா சாப்புடுறது நல்லதுதான், கொஞ்சம் சீனி குறையும். அதுக்காக ஊசிய நிறுத்துன, ஆள் போயிருவாரு. வெளங்குதா?"

"ஊசிய நிறுத்த மாட்டேன் ஐயா."

சொன்னபடி நிறுத்தவில்லை. ஒருவர் ஊசி போடு என்றார், போட்டாள். ஒருவன் பொடியைக் கொடு என்றான், கொடுத்தாள். இரண்டு பேர் பேச்சையும் கேட்டதில் சோறு மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

இருட்டு விலகாத நேரத்தில் ஊசி ஏறும். பழைய சோற்றுக்குப் பதிலாகச் சாணி நிறத்தில் ஒரு கிளாஸ் கசப்பு. "குடிங்க. ஆர்மோன் எழும்பும்," என்பாள். பெரட்டு மணி அடிக்கும். அலமாரியைப் பூட்டிவிட்டு மரத்துக்குப் போய்விடுவாள். பால் வெட்டி, எடுத்து, ஸ்டோரில் நிறுத்து, வாளி கழுவி வீடு வந்து சேர மத்தியானமாகிவிடும். அதுவரைக்கும் அவன் அஞ்சடியில் நாற்காலியோடு கிடப்பான். வருகிறவள் கண்ணுக்குப் படுவது எப்போதும் ஒன்றுதான்: வாயைத் திறந்து தூங்குகிறான், பனியன் பிழிந்தால் நீர் சொட்டும். மங்கு அடுப்படியில் கவிழ்ந்திருக்கும். அவன் எட்டித் தொட முடியாது. ஈரப் பனியனை அவள் தினமும் துவைத்தாள். தினமும் கொடியில் போட்டாள்.

சோறு போட்டதும் எழுந்துகொள்வான். ஒரு கைப்பிடிச் சோறு, கங்கோங் கீரை, பாவக்காய்.

"இன்னுங் கொஞ்சம்..."

"கூடாதுங்க."

டொமினிக் அவன் மூத்திரத்தை நீல மருந்தில் காய்ச்சிப் பார்த்தார். போன மாதம்வரை செங்கல் நிறத்துக்குப் போனது இப்போது சீனியே இல்லை என்று அசையாத நீலமாக நின்றது.

"என்னாம்மா இது, ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாலும் இவ்ளோ நீலம் வராதே. காலைல சோறு போடுறதானே?"

"போடுறேன் ஐயா."

"அப்ப மருந்து அளவு கூடிப்போச்சு. அடுத்த வாரம் பெரிய டாக்டர் வாராரு, குறைக்கச் சொல்லிக் கேக்குறேன். அதுவரைக்கும் சோத்தக் குறைச்சிறாத."

நீலம் வந்த செய்தி லயத்தில் பரவியது. "மகராசிலா நீ. நான்னா என்னைக்கோ மொத்தமா ஆக்கிப் போட்டுச் சாவடிச்சிருப்பேன்," என்றாள் வீரம்மா. செபாஸ்டியன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நவமணியை எழுப்பி நிறுத்தி, "இவங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க," என்றான். டின்கள் விற்றன. ஆண்கள் யாரும் ஐயாவுவைக் கேட்டுப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் வெட்டு கிடையாது. சதாசிவம் விசிலை ஊதி, "மழ, மழ, வீட்டுக்குப் போங்க," என்று கத்தினான். நவமணி ஊசி போட்டு, பொடி கொடுத்துவிட்டுப் போனவள், தலையில் சாக்கோடு திரும்பி வந்தாள். காலை வேளையில் புருஷன் எதிரே அவள் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். தகரக் கூரையில் மழை கொட்டியது.

முதலில் அவன் எரிச்சல்பட்டான். "மழைய நிறுத்தச் சொல்லு," என்றான். பிறகு பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. மழைக் குளிரில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அவன் பனியன் அவள் கண் முன்னாலேயே நனைந்தது.

"நவமணி," என்றான்.

அவள் நிமிர்ந்தாள். ஏய், அடியே, நாயே தவிர அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சீனி... கொஞ்சம்... சீனி."

எழுந்து போனாள். கழுத்துக்குக் கீழே கையை விட்டாள். கை முழுக்க நனைந்து வந்தது. மங்கைத் தேடினாள், அது அடுப்படியில்தான் கவிழ்ந்து கிடந்தது. நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். சீனி டின்னை எடுத்துக்கொண்டு வந்து, அவனுக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க," என்றாள்.

அவன் டின்னையே பார்த்தான்.

"சீனின்னு கேக்கக் கூடாது. 'பசிக்குது, சோறு போடுங்க'ன்னு கேளுங்க. நெனப்பு இருக்கா? அந்தா, அந்தத் தூணுகிட்ட. என்னைய உக்கார வச்சுக் கேக்க வச்சீங்களே."

"ப... பசி..."

"இன்னும் சத்தமா. லயம் பூரா கேக்கணும்."

அவன் கை காற்றில் எதையோ துழாவியது. வாய் கோணியது. கண் அவளைப் பார்த்தது. அவள் யார் என்று தேடியது.

அடுத்த வீட்டு வாசலிலிருந்து வீரம்மா தலையை நீட்டினாள். "என்னாக்கா, அண்ணன் ஒருமாதிரி இருக்காரு?"

"நடிக்கிறாரு லா," என்றாள் நவமணி.

"சும்மாவா, மழைக்கு ஒரு படம்!" வீரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"பசிக்குது," என்றான் ஐயாவு. நாக்கு தடித்திருந்தது. "பசிக்குது... சோறு... போடு..."

"போடுங்க."

"சோறு போடுங்க. பசிக்குது. சோறு போடுங்க."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்தே கேட்டுவிட்டாள். உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. அவன் சொன்னான். மறுபடியும் சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை என்று மறுபடியும் சொல்ல வைத்தாள். மழை அத்தனை சத்தத்தையும் தின்றது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். அவன் விறைத்து, நாற்காலியோடு சரிந்து, தரையில் கிடந்து உதறியபோதுதான் டின்னைத் திறந்தாள். ஒரு கை சீனியை அள்ளி வாய்க்குள் திணித்தாள். பல் கிட்டிவிட்டது. சீனி கடைவாய் வழியாகக் கொட்டி, ஈரச் சிமெண்டில் கரைந்தது.

ஆள் போய்ச் சொல்ல, டொமினிக் குடையில்லாமல் ஓடி வந்து நரம்பில் மருந்து ஏற்றினார். தோட்டத்து வேனில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். வேனுக்குள் அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எப்பம்மா வேர்க்க ஆரம்பிச்சுச்சு? சரியாச் சொல்லு."

"நான் பெரட்டுக்குப் போயிருந்தேன் ஐயா."

"இன்னைக்குப் பெரட்டுதான் மழையில உடனே கலைஞ்சிருச்சே."

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் எங்கேயும் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மண்டோர் ஐயாவுவிடம் அறை வாங்கியவர்களில் டிரசரும் ஒருவர்.

ஐயாவு சாகவில்லை. உயிர் இருக்கிறது, மூளையில் பாதி செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு. லயத்து ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். சதாசிவம் குனிந்து, "அண்ணே, என்னையத் தெரியுதா?" என்று கேட்டான்.

"பசிக்குது. சோறு போடுங்க," என்றான் ஐயாவு.

வேறு பேச்சு அவனிடம் மிஞ்சவில்லை. கிராணியைப் பார்த்தாலும் அதுதான். தெருநாயைப் பார்த்தாலும் அதுதான், அதே மரியாதையோடு. தின்று முடித்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பான். போதும் என்று சொல்கிற எதுவோ ஒன்று அவனுக்குள் அன்றைக்கு மழையில் போய்விட்டது. விடியலில் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்காடு ஏறும்வரைக்கும் அந்தக் குரல் பின்னாலேயே வரும். இப்போது ஊசிக்குப் பிறகு சோறு தவறாமல் போட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் தனக்கு முதலில் போட்டுக்கொண்டாள். தட்டு நிறையச் சோறு, கருவாட்டுக் குழம்பு. அவன் எதிரிலேயே உட்கார்ந்து, அவன் கேட்கக் கேட்க, வயிறு முட்டத் தின்றாள். முடித்ததும் எழுந்து வெளியே போகவில்லை. மீதிச் சோறு கிடக்கிற பானையை இழுத்து, அவன் பார்க்க, அதற்குள் கையை விட்டுக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். பானையை அவன் முன்னால் தள்ளினாள்.

"தின்னுங்க," என்றாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் பானைக்குள் விட்டு அள்ளி அள்ளித் தின்றான். பருக்கை ஒன்றில்லாமல் வழித்து, பானையைத் தூக்கி அந்தத் தண்ணீரையும் குடித்தான். மீசையில் குழம்பின் எண்ணெய் மினுங்க அவளைப் பார்த்து நன்றியோடு சிரித்தான்.

"இங்க பாருங்களேன்," என்று வாசலில் நின்ற வீரம்மா யாரையோ கூப்பிட்டுக் காட்டினாள். "பானையோட குடுத்து, பெத்த பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி பாத்துக்கிறா. தெய்வம்லா நீ, நவமணியக்கா."

நவமணி குனிந்து அவன் கண்ணுக்குள் தேடினாள். மண்டோர் அங்கே இல்லை. ஒரு மூலையிலாவது, ஒரு துளியாவது, அவமானப்படுவதற்கென்று எவனும் மிச்சமில்லை.

"பசிக்குது," என்றான் அவன். "சோறு போடுங்க."